ஹைதர் அலி கொடுத்த 300 ரூபாய்



பொங்கோல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? நீர்வழிப் பூங்கா, குட்டி ரயில், வானத்தைத் தொடும் வீவக வீடுகள். எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது பன்றிப் பண்ணை வாடைதான்! சிரிக்காதீர்கள். நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்துப் பொங்கோல் அப்படித்தான் இருந்தது. செம்மண் பாதை, தென்னை மரங்கள், அத்தாப்புக் குடிசைகள், சாலை முடிகிற இடத்தில் ஒரு படகுத்துறை. அதற்கப்பால் கடல், கடலுக்கு அப்பால் ஜொகூர்க் கரை.

அந்தப் படகுத்துறைக்கு எங்கள் வகுப்பு ஒருமுறை சுற்றுலா போயிற்று. தலைக்கு 50 காசு வசூல். வகுப்புத் தலைவன் நான். ஆகவே பணம் என் சட்டைப்பையில். வழியிலே கச்சாங் பூத்தே விற்கிற அண்ணனைக் கண்டேன். கை சும்மா இருக்குமா? 20 காசுக்கு வாங்கித் தின்றுவிட்டேன். நாளைக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டால் போச்சு என்று நினைப்பு. ஆனால் எங்கள் ஆசிரியர் ஐயா அன்றைக்கே, அந்தப் படகுத்துறைப் படியிலேயே உட்கார்ந்து, கணக்குக் கேட்டுவிட்டார். 20 காசு உதைத்தது. நான் விழித்தேன்.

ஐயா அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கதை சொன்னார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த மனிதர் எனக்குச் சொன்னது ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் கதை! அந்தப் பள்ளி இன்று இல்லை, ஐயாவும் இல்லை. கதை மட்டும் இருக்கிறது. பிற்பாடு நானும் புத்தகங்களில் தேடிப் படித்து, ஐயா சொல்லாமல் விட்டதையும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி, கொஞ்சம் காது கொடுங்கள்.

அவர் பெயர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். தஞ்சாவூர்ப் பக்கத்தில் சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள். ஐயர் என்றால் இங்கே சாதிப் பெயர் அல்ல; அந்தக் காலத்தில் பாதிரிமாரை மக்கள் அப்படித்தான் மரியாதையாக அழைத்தார்கள். உங்களில் எத்தனையோ பேருடைய பாட்டனார், பூட்டனார் தஞ்சை, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து இறங்கிய குடும்பங்கள். ரஜூலா கப்பல் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், கதை கதையாக வரும். ஆக, சுவார்ட்ஸ் ஐயர் நம் பாட்டனார்களின் மண்ணில் வாழ்ந்து, அந்த மண்ணிலேயே அடங்கியவர்.

அவர் பிறந்தது 1726ஆம் ஆண்டு, பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த சோனன்பர்க் என்ற சிற்றூரில். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போதே தாயார் காலமாகிவிட்டார். மகனை இறைவனின் ஊழியத்துக்கென்று நேர்ந்துவிட்டிருக்கிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தாய் கண்ணை மூடினாராம்.

பையன் வளர்ந்து ஹாலே நகரத்துக்குப் படிக்கப் போனான். அங்கே தமிழ்நாட்டில் பல்லாண்டு தொண்டு செய்து திரும்பிய சூல்ட்சே என்ற பெரியவர் இருந்தார். தமிழ் வேதாகமத்தை மறுபடி அச்சிட வேண்டும், அதற்குத் தமிழ் தெரிந்த இளைஞர்கள் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். சுவார்ட்ஸ் அவரிடம் தமிழ் கற்றார். பனிபெய்கிற ஜெர்மானிய ஊரில் உட்கார்ந்து ஒரு வாலிபன் அ, ஆ எழுதிப் பழகுகிறான், பாருங்கள்! அந்த அச்சு வேலை என்னமோ நடக்கவில்லை. ஆனால் கற்ற தமிழ் வீண்போகவில்லை. 1749இல் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750இல் கப்பலேறி, அதே ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. வந்த நாலு மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தாராம். அதன்பின் 48 ஆண்டுகள். ஒரு முறைகூட ஊர் திரும்பவில்லை. கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

முதல் பன்னிரண்டு ஆண்டு தரங்கம்பாடியில். பிறகு திருச்சிராப்பள்ளி. அங்கே கோட்டைக்குள் அவர் முயற்சியால் எழுந்த கிறிஸ்து ஆலயம் 1766இல் திறக்கப்பட்டது. தாம் குடியிருந்ததோ ஒரு பழைய கட்டடத்தில், ஒரு கட்டிலும் ஓர் ஆளும் கொள்கிற அறை. சாப்பாடு சோறும் காய்கறியும். உடை, சாதாரணக் கறுப்புப் பருத்தித் துணி. இவரைப் பார்க்கப் போன வெள்ளைக்காரர் ஒருவர், கடுகடு என்று முகத்தை வைத்திருக்கும் சந்நியாசியை எதிர்பார்த்துப் போனாராம். கண்டதோ சிரித்த முகமும் கலகலப்பான பேச்சுமாக இருந்த ஒரு மனிதரை. எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும். எளிமை என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள் இல்லையா!

கோட்டையிலிருந்த ஆங்கிலப் பட்டாளத்துக்கும் அவரே குருவானவராக இருந்தார். அதற்கு கம்பெனி சம்பளம் கொடுத்தது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் சபைக்கும் போனதே அதிகம். அதிகாரிகளுக்காக வளைந்து கொடுக்கிறவரும் அல்லர். ஓர் ஆங்கில அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்துவந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு வந்தபோது, இந்த நிலையில் முடியாது என்று மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிற்பாடு, 1778இல், பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் திருநெல்வேலிச் சபைக்கு வித்திட்ட குளோரிந்தா அம்மையார்.

1769இல் தஞ்சை மன்னர் துளஜா மகாராஜாவை முதன்முதலாகச் சந்தித்தார். மராட்டிய வம்சத்து மன்னர்; அரண்மனைப் பேச்சு ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலம் பாரசீகத்தில் தொடங்கியது. மன்னருக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கண்டதும், தமிழில் பேச அனுமதி உண்டா என்று ஐயர் கேட்டார். அப்புறம் என்ன? ஜெர்மானியரும் மராட்டியரும் தமிழிலே உரையாடினார்கள்! தமிழ்ப் பள்ளி மாணவர்களே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மன்னர் கிறிஸ்தவராகவில்லை. ஆனால் அந்தச் சந்திப்பில் பிறந்த நட்பு அவர் சாகும் வரை நீடித்தது. மன்னரோடு இன்னும் நெருங்கிப் பேச வேண்டும் என்று ஐயர் மராட்டியும் படித்தார். 1778 முதல் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டார்.

இனிதான் 300 ரூபாய்க் கதை.

1779. மைசூரில் ஹைதர் அலி. அவர் பெயரைக் கேட்டாலே சென்னைக் கோட்டைக்குக் குளிர் காய்ச்சல். ஹைதர் சண்டைக்கு வருவாரா, சமாதானமாக இருப்பாரா என்று அவர் மனத்தை அறிந்துவர ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்டு சுவார்ட்ஸ் ஐயரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐயர் யோசித்தார். அரசியல் தூது போவது பாதிரி வேலையா? ஆனால் போரைத் தடுக்க முடியுமானால் அதுவும் இறைவன் தந்த வேலைதானே என்று இசைந்தார். ஜூலையில் புறப்பட்டு, சத்தியமங்கலம் வழியாக மலையேறி, ஆகஸ்டுக் கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஹைதர் அவரை மரியாதையோடு நடத்தினார், பக்கத்தில் அமர்த்திப் பேசினார். அந்தப் பட்டாளத்தில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு ஐயர் தடையில்லாமல் ஆராதனை நடத்தினார்.

திரும்பும்போது வழிச்செலவுக்கு என்று ஹைதர் ஒரு பையைக் கொடுத்தனுப்பினார். உள்ளே 300 ரூபாய். வேண்டாம் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். மன்னர் கொடுத்ததைத் திருப்பினால் அது அவமதிப்பாகும் என்றார்கள். சரி என்று வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்தவர், நேரே போய் அந்தப் பையை அரசாங்கத்திடம் வைத்துவிட்டார். நான் உங்கள் தூதனாகப் போனேன், தூதனுக்குக் கிடைத்தது அனுப்பியவருக்குச் சேர வேண்டியது என்பது அவர் கணக்கு. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது அரசாங்கம். ஐயரோ அதைத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி நடத்துகிற நிதிக்கு முதலாக வைத்துவிட்டார். பைக்குள் கையே போகவில்லை! எங்கள் ஐயா என் 20 காசுக்கு ஏன் இந்தக் கதையைச் சொன்னார் என்று இப்போது புரிகிறதா?

அந்தப் பயணத்தில் கசப்பும் உண்டு. அதை ஐயா எனக்குச் சொல்லவில்லை. அந்த வயதில் விளங்கியிருக்காது. சமாதானம் பேசத்தான் போகிறோம் என்று சுவார்ட்ஸ் ஐயர் மனதார நம்பினார். ஆனால் அவரை அனுப்பிய கம்பெனி அதே ஆண்டு மார்ச்சில்தான், ஹைதர் எவ்வளவோ தடுத்தும், மாஹே துறைமுகத்தைப் பிடித்திருந்தது. மறுவருஷமே, 1780 ஜூலையில், ஹைதர் பெரும்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கிவிட்டார். ஆக, நல்லவர் ஒருவரின் பெயரைக் கெட்டிக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊழியத்தில் இருக்கிறவர்களுக்கு இது ஓர் ஆபத்து. பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உங்களைப் போன்ற நேர்மையானவர் வந்தால்தான் நடக்கும் என்று ஒருவர் சொல்லும்போது மறுப்பது கஷ்டம். ஆனாலும் ஹைதர் இவர்மேல் கோபப்படவில்லை. போர் நடந்தபோது, அந்தப் பாதிரியார் எங்கு போனாலும் அவரைத் தொடாதீர்கள், வழிவிடுங்கள் என்று தம் படைக்கு உத்தரவு போட்டிருந்தார். 1783இல் மறுபடி தூது போகச் சொன்னார்கள். அப்போது ஹைதர் இறந்து திப்பு சுல்தான் பட்டத்துக்கு வந்திருந்தார். ஐயர் சத்தியமங்கலம் வரைதான் போக முடிந்தது. வழி விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போர் என்றால் பின்னாலேயே பஞ்சம் வரும். தஞ்சை நெற்களஞ்சியம் என்று படித்திருக்கிறீர்கள். அந்தத் தஞ்சாவூரில் தெருவோரம் பிணங்கள் கிடந்த காலம் அது. பஞ்சம் வரும் என்று முன்கூட்டியே உணர்ந்த ஐயர், விலை மலிவாக இருந்தபோதே நெல் வாங்கி வைத்திருந்தார். தம் சபையாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் அதைக்கொண்டு காப்பாற்றினார்; வெளியாருக்கும் கஞ்சி ஊற்றினார்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. கோட்டையில் இருந்த பட்டாளத்துக்கே சோறில்லாமல் போயிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஏற்றிவர மாடு இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் கொடுக்க மாட்டேன் என்றார்கள். அவர்கள் மேல் தப்பா? முன்பு நெல்லையும் மாட்டையும் பிடுங்கிக்கொண்டு போன அதிகாரிகள் காசு கொடுக்கவே இல்லை. மன்னர் உத்தரவு போட்டார், நடக்கவில்லை. கம்பெனியின் வாக்கையும் யாரும் நம்பவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் ஐயரைப் பிடித்தார்கள். நீங்கள் கொண்டுவாருங்கள், பணத்தை என் கையால் நானே தருகிறேன் என்று அவர் ஊர்களுக்கு எழுதினார். ஓரிரு நாளில் 1,000 எருதுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்தார்.

அப்புறம் இன்னொரு தடவை. மன்னரின் அதிகாரிகள் செய்த கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். வயலெல்லாம் தரிசு. திரும்பி வாருங்கள், இனி அநியாயம் நடக்காது என்று மன்னர் சொல்லியனுப்பினார், ஒருவரும் அசையவில்லை. அதே வாக்கை ஐயர் மன்னர் சார்பில் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். நடவுப் பருவம் ஏறக்குறைய முடிந்துபோன நேரம். இராப்பகலாக வேலை செய்து ஈடுகட்டினார்களாம்.

ஒன்றை யோசியுங்கள். அந்த 7,000 பேரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அவருடைய மதத்துக்கு வந்தவர்கள் அல்லர், வரப்போகிறவர்களும் அல்லர். அவர் வாக்கை மட்டும்தான் நம்பினார்கள். ஒரு வாக்கை 7,000 குடும்பம் நம்பிவிட்டால் அந்த வாக்குக்காரர் கதி என்ன? படுத்தால் தூக்கம் வருமா? எனக்கென்னவோ, ஹைதரின் வாளைவிட இந்த நம்பிக்கைதான் அவருக்குப் பெரிய பாரமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இங்கே கதையை நிறுத்திவிட்டு வேறொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பெயர் கீர்நாண்டர். சுவீடன் நாட்டுக்காரர். அவரும் ஹாலேயில் தயாரானவர்தான். சுவார்ட்சுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, 1740இல், கடலூருக்கு வந்தவர். பதினெட்டு ஆண்டு அங்கே நல்ல தொண்டு செய்தார். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபோது எல்லாவற்றையும் இழந்து கல்கத்தாவுக்குப் போனார். அங்கே முதல் மனைவி இறந்துபோக, 1762இல் பெரும் செல்வமுடைய ஒரு விதவையை மணந்தார். அப்போதிருந்து அவருடைய நடையுடை பாவனை மாறியது. நாலு குதிரை பூட்டிய வண்டி, பெரிய விருந்துகள், பெரிய மனிதர்களின் சகவாசம்.

சும்மா சொல்லக்கூடாது, பணத்தை முழுக்கத் தமக்கே செலவழித்தார் என்று பழி போட்டால் அது அநியாயம். தம் சொந்தப் பணத்தைப் பெருமளவு போட்டு 1770இல் கல்கத்தாவில் ஒரு பெரிய ஆலயமே கட்டினார். பழைய மிஷன் ஆலயம் என்று இன்றும் அது இருக்கிறது. ஆனால் மகன் கட்டட வியாபாரத்தில் இறங்கிக் கடன் மேல் கடன் வாங்க, தகப்பனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். கண்பார்வையும் மங்கிவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாரோ, பார்க்காமலே போட்டாரோ! 1787இல் எல்லாம் சரிந்தது. கடன்காரர்கள் கேட்ட சொத்தில் அந்த ஆலயமும் சேர்ந்திருந்தது. ஏனென்றால் அது அவர் பெயரில் இருந்தது. சார்ல்ஸ் கிராண்ட் என்ற கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கொடுத்து ஆலயத்தை மீட்டார். கீர்நாண்டர் தம் எழுபத்தாறாம் வயதில் டச்சுக்காரர் ஊரான சின்சுராவுக்குப் போய், அங்கே சொற்ப வருமானத்தில் குருவேலை பார்த்தார். பிறகு கல்கத்தாவுக்கே திரும்பி, 1799இல் வறுமையில் கண்மூடினார்.

இவர் நம்பிக்கையை மறுதலித்தவர் அல்லர். கடைசிவரை ஜெபம் செய்த மனிதர்தான். பின்வாங்கிப் போவது என்றால் ஒருநாள் காலையில் எழுந்து, இன்று முதல் எனக்குக் கடவுள் வேண்டாம் என்று சொல்வது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சபையின் காசும் தன் காசும் ஒரே பெட்டியில் கிடக்கும். ஆலயமும் வீடும் ஒரே பெயரில் இருக்கும். மகன் கேட்கிறான் என்று ஒரு கையெழுத்து. கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்க வேண்டியவர்கள் விருந்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான். என் வயதில் இதை இரண்டொரு இடங்களில் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். கோயில் கமிட்டியிலும் நடக்கும், சங்கத்திலும் நடக்கும், சபையிலும் நடக்கும். கீர்நாண்டரைப் பற்றி வாசிக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை. கச்சாங் பூத்தேதான் ஞாபகம் வந்தது.

சுவார்ட்ஸ் ஐயரும் கடைசிக் காலத்தில் ஒன்றுமில்லாத ஏழை அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி கொடுத்த சம்பளம் சேர்ந்திருந்தது. அவர் செலவோ கொஞ்சம். சேர்ந்ததை எல்லாம் மிஷனுக்கும் ஏழைகளுக்குமாக உயில் எழுதி வைத்துவிட்டார்.

ஆனால் அவருக்கு வந்த மிகப் பெரிய சோதனை பணமல்ல. ஒரு ராஜ்யம்!

1787ஆம் ஆண்டு. துளஜா மகாராஜா மரணப்படுக்கையில் இருந்தார். பிள்ளைகளெல்லாம் முன்பே இறந்துவிட்டதால், உறவில் ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்திருந்தார். அவனுக்கு அப்போது வயது ஒன்பதுதான். சுவார்ட்ஸ் ஐயரை அழைத்து, இனி இவன் உம்முடைய பிள்ளை, ராஜ்யத்தையும் இவனையும் நீர் பார்த்துக்கொள்ளும் என்று கையில் ஒப்படைத்தார். தஞ்சாவூர் ராஜ்யத்தை ஒரு பாதிரியார் கையில்! வேறொருவராக இருந்தால், ஊழியத்துக்கு இதைவிட வாய்ப்பு வேறு உண்டா என்று கணக்குப் போட்டிருப்பார். ஐயர் மறுத்துவிட்டார். இது என்னால் ஆகாது, என் வேலை வேறு, பையனின் உயிருக்கும் இதனால் ஆபத்து வரலாம் என்றார். தம்பி அமர்சிங்கைக் காப்பாளராக வையுங்கள் என்று யோசனையும் சொன்னார்.

மறுத்தது சரி. சொன்ன யோசனை? அங்கேதான் சறுக்கல். அண்ணன் போனதும் அமர்சிங் தாமே சிங்காதனம் ஏறிவிட்டார். சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, சென்னை ஆளுநரும் ஒப்புக்கொண்டார். பையனை அரண்மனையில் இருட்டறை போன்ற இடத்தில் அடைத்து வைத்தார்கள், படிப்பும் இல்லை.

தம் யோசனையால் ஒரு குழந்தை அடைபட்டுக் கிடக்கிறது என்று தெரிந்தபோது ஐயர் என்ன செய்தார்? நான் நல்லெண்ணத்தில் சொன்னேன், அவர்கள் இப்படிச் செய்துவிட்டார்கள் என்று கையைக் கழுவவில்லை. அரண்மனைக்குப் போய்க் கேட்டார். சென்னைக்கு எழுதினார். பதில் வராவிட்டால் மறுபடி எழுதினார். பையனுக்குக் காவல் போடவைத்தார், ஆசிரியர் வைத்தார், தாமும் கற்பித்தார். தஞ்சாவூரில் இருந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று 1793இல் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். சுவீகாரம் செல்லாது என்ற தீர்ப்பு எப்படி வாங்கப்பட்டது என்பதையும் ஐயர் விடாமல் விசாரித்து எழுதினார். பத்து ஆண்டுக்கு மேல் இந்தப் போராட்டம். கிழப் பருவத்தில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டியவர், தம் ஒரு தவற்றைத் திருத்துவதற்காக இப்படி அலைந்தார். எனக்குக் கேட்டால், அவர் வாழ்க்கையிலேயே உயர்ந்த பகுதி இதுதான் என்பேன். எருதும் நெல்லும் வந்தது அவர் பெயருக்காக. இந்த வேலையால் அவர் பெயருக்கு ஒரு லாபமும் இல்லை.

அந்தப் பையன்தான் இரண்டாம் சரபோஜி மன்னர்! சரஸ்வதி மகால் நூல்நிலையத்தை உலகம் புகழ வளர்த்தவர்; தஞ்சையில் அச்சுக்கூடம் வைத்தவர்; நவவித்யா கலாநிதி என்று பள்ளி நடத்தியவர்; கண் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். சுவார்ட்ஸ் ஐயர் மீது அவர் வைத்திருந்த பாசம் தகப்பன் மீது வைக்கும் பாசம். ஆனால் அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. 1803இல் பெரிய கோயிலில் தம் வம்ச வரலாற்றையே கல்லில் வெட்டிவைத்த சிவபக்தராகவே வாழ்ந்தார். அடைபட்டுக் கிடந்த, யாருமற்ற ஒரு சிறுவன். தன்னைக் காப்பாற்றுகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டக்கூடிய வயது. அந்த வயதில் அவனை மதம் மாற்றியிருந்தால் சபையில் பெரிய வெற்றி என்று கொண்டாடியிருப்பார்கள். தம் நம்பிக்கையை அவனிடம் ஐயர் ஒளிக்கவில்லை. ஆனால் அவன் நிலைமையைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. இந்தச் சங்கதிக்காகத்தான் எங்கள் ஐயா, திருநீறு பூசிய நெற்றியோடு, அவரை வாயாரப் புகழ்ந்தார் என்று நினைக்கிறேன்.

பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை மூன்று இடத்திலும் 1785ஐ ஒட்டி ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. தஞ்சாவூரில் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்த சல்லிவன் திட்டம் போட்டார், நடத்தியவர் ஐயர். கம்பெனி பிறகு ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் கொடுத்தது. அதே ஆண்டுகளில்தான் திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்க வைத்தார். பத்தொன்பது வயதில் அந்தப் பையன் அங்கே தலைமையாசிரியர் ஆனான். பிற்பாடு சரபோஜி மன்னரின் அவையில் மதிக்கப்பட்ட கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் அவர்தான். நம் ஊரில் ஷார்ட் ஸ்திரீட்டிலோ டோர்செட் ரோட்டிலோ உள்ள தமிழ் ஆலயங்களுக்குப் போகும் பிள்ளைகள் அவருடைய கீர்த்தனைகளைப் பாடியிருப்பீர்கள்.

1797 கடைசியில் ஐயருக்குக் காலில் புண், உடம்பு முழுக்கத் தளர்ச்சி. அப்போதும் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டிலைச் சுற்றி வைத்துப் பாடம் கேட்டார். 1798 பிப்ரவரி 13ஆம் தேதி காலமானார். சரபோஜி வந்து அழுதார், பொற்சரிகைத் துணி போர்த்தினார், அடக்கத்துக்கும் நின்றார். நான்கு மாதம் கழித்து, ஜூன் கடைசியில், அந்தச் சரபோஜி தஞ்சையின் சிங்காதனத்தில் அமர்த்தப்பட்டார். ஐயர் அதைப் பார்க்கவில்லை.

கம்பெனி சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயத்தில் அவருக்கு ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் வைத்தது. சரபோஜி தனியாக ஒன்று செய்வித்தார். இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. கல்லறைக்கு மன்னர் தாமே ஆங்கிலத்தில் கவிதையும் எழுதினார்.

விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போகிறவர்கள் தஞ்சாவூர் போனால், பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. அதையொட்டி 1779இல் எழுந்த சின்ன ஆலயம் ஒன்று. உள்ளே போய் அந்தப் பளிங்கைப் பாருங்கள். கட்டிலில் ஐயர் படுத்திருக்கிறார். சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கட்டிலின் கால்மாட்டில் பள்ளிச் சிறுவர்கள் சிலர் நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஹைதர் அலி கொடுத்த 300 ரூபாய் அவர்களைப் போன்ற பிள்ளைகளின் படிப்புக்குத்தான் போயிற்று.